கட்டத்துக்குள் ஒரு சொல்: சொற்புதிர் விளையாட்டுகளின் வரலாறு

முன்னுரை

ஆஸ்டின் டவுனில் எவர்சில்வர்ப் பாத்திரக் கடை வைத்திருப்பவன் நான். கல்லூரி வாசலை மிதித்ததில்லை. எங்க அப்பா பரணில் வைத்துவிட்டுப் போன பழைய நூல்களைக் கடையில் கூட்டமில்லாத மத்தியான வேளைகளில் நானாகப் படித்ததுதான் என் தமிழ். மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, "பெரிய பெரிய பேராசிரியர்கள் எழுதுற இடத்துல நான் என்னத்த எழுதுறது?" என்று தயங்கினேன். "உங்களுக்குத் தெரிஞ்சத எழுதுங்க ஐயா" என்றார்கள். அந்தத் துணிச்சலில் எழுதுகிறேன். குற்றம் இருப்பின் பெரியோர் பொறுத்தருள்க.

2022ஆம் ஆண்டு பொங்கல் சமயம். புனேயில் இருக்கும் என் மகள் வயிற்றுப் பேத்தி அப்போது ஒன்பதாம் வகுப்பு. தினமும் காலையில் என் கைப்பேசிக்கு ஒரு செய்தி அனுப்பத் தொடங்கினாள். அதில் வார்த்தை ஒன்றும் இருக்காது. பச்சை, மஞ்சள், கறுப்பு நிறத்தில் சின்னச் சின்னச் சதுரங்கள். மேலே 4/6 என்றோ 3/6 என்றோ ஒரு கணக்கு. அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் கர்நாடகத்தில் இணையச் சூதாட்டத்தைப் பற்றித்தான் எங்கும் பேச்சு. 1963ஆம் ஆண்டின் கர்நாடகப் போலீஸ் சட்டத்தைத் திருத்தி, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2021 அக்டோபரில் அரசு தடை செய்திருந்தது. வழக்கு உயர் நீதிமன்றத்தில் இருந்தது. அந்த ஞாபகத்தில், 4/6 என்பதைப் பார்த்தவுடன் எனக்குக் குதிரைப் பந்தயக் கணக்குதான் தோன்றியது. போன் போட்டு, "இந்தச் சூதாட்டமெல்லாம் நம்ம குடும்பத்துக்கு ஆகாது. இன்னொரு தரம் இத அனுப்பாதே" என்று சத்தம் போட்டுவிட்டேன். குழந்தை ஒன்றும் பேசவில்லை. மறுநாளிலிருந்து சதுரங்களும் வரவில்லை, அவளும் பேசவில்லை.

பத்து நாள் கழித்து என் மகள்தான் விளக்கினாள். "அப்பா, அது பேரு வேர்டில். ஒரு வார்த்தையக் கண்டுபிடிக்கிற ஆட்டம். ஒரு பைசா கட்ட வேண்டாம். பரிசும் கிடையாது."

பைசா இல்லை, பரிசும் இல்லை. அப்புறம் எதற்காக உலகமே இதை ஆடுகிறது? இந்தக் கேள்வியும், குழந்தையை வீணாகத் திட்டிவிட்டோமே என்கிற உறுத்தலும் சேர்ந்துதான் என்னை இந்த ஆராய்ச்சியில் இறக்கிவிட்டன. நான் ஏன் அப்படிப் பதறினேன் என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பிசியும் சித்திரகவியும்

சொல்லை மறைத்து வைத்துக் கண்டுபிடிக்கச் சொல்வது நம்மவர்க்குப் புதிதன்று. தொல்காப்பியச் செய்யுளியலிலேயே 'பிசி' என்ற பெயரில் இது பேசப்படுகிறது. நாம் விடுகதை என்று சொல்வதுதான் அது. படித்தவர், படியாதவர் என்ற பேதமில்லாமல் வயல்வெளியிலும் வீட்டுத் திண்ணையிலும் இது வழங்கிற்று.

படித்தவர்களுக்கென்று இன்னொரு வகை இருந்தது. அதுவே சித்திரகவி. தண்டியலங்காரத்தின் சொல்லணியியல் இவற்றை வரிசைப்படுத்திச் சொல்கிறது. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாக வருவது மாலைமாற்று. 'விகடகவி' என்று பிள்ளைகள் விளையாட்டாகச் சொல்வார்களே, அந்த வகை. ஒரு சொல்லுக்கே நமக்கு இவ்வளவு வியப்பு என்றால், ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் திருமாலைமாற்று என்று ஒரு பதிகமே பாடியிருக்கிறார். மாடு நடந்துகொண்டே நீர் விட்டால் தரையில் விழும் வளைவுத் தடம் போல எழுத்துகள் மேலும் கீழும் மாறி மாறிச் செல்வது கோமூத்திரி. பாம்பின் உடல் பின்னிய கட்டங்களில் எழுத்தை அடைப்பது நாகபந்தம்.

இவற்றில் இரண்டு வகைகள் நம் பொருளுக்கு மிக நெருங்கியவை. ஒன்று வினாவுத்தரம். சின்னச் சின்னக் கேள்விகள் கேட்டு, விடைகளைச் சேர்த்தால் முழு விடை வரும்படி அமைப்பது. என் சொந்த உதாரணம் ஒன்று: பசு தருவது எது? பால். இடுப்பில் சுமப்பது எது? குடம். முருகன் கோயிலுக்குத் தலையில் வைத்து எடுத்துச் செல்வது எது? பால்குடம்.

மற்றொன்று அக்கரச்சுதகம். ஒரு சொல்லிலிருந்து எழுத்தை ஒவ்வொன்றாக நீக்க, வேறு வேறு பொருள் தருவது. இதன் எளிய வடிவம் ஒன்றை எங்க அப்பா சொல்லுவாரு: "முழுசா இருந்தா பூ. தலைய எடுத்தா மான். நடுவ எடுத்தா தண்ணி." விடை தாமரை. தலையெழுத்தை எடுத்தால் மரை, அது ஒருவகை மான். நடு எழுத்தை எடுத்தால் தாரை, அது நீரொழுக்கு.

இங்கே பெங்களூரில் நமக்கு ஒரு சுவையான சான்றும் கிடைக்கிறது. கன்னடப் பத்திரிகைகளில் குறுக்கெழுத்துக்கு 'பதபந்த' என்று பெயர். என் பக்கத்துக் கடைக்காரர் தினம் அதைத்தான் போட்டுக்கொண்டிருப்பார். நாகபந்தத்தில் இருக்கும் பந்தமும் பதபந்தத்தில் இருக்கும் பந்தமும் ஒன்றே. கட்டுதல் என்பதே இரண்டிலும் பொருள். வெள்ளைக்காரர் கொண்டுவந்த கட்டத்துக்குக் கன்னடத்தார் பழைய பெயரையே வைத்துவிட்டார்கள்.

திண்ணையில் நிகண்டு

புதிர் போடுவதற்கும் விடுவிப்பதற்கும் சொற்கள் கைவசம் இருக்க வேண்டும். அதற்கான கருவி நிகண்டு. சமணராகிய மண்டலபுருடர் செய்த சூடாமணி நிகண்டைத் திண்ணைப் பள்ளிகளில் மனப்பாடம் செய்வித்தார்கள். எங்க அப்பாவும் திண்டிவனம் பக்கத்துக் கிராமத்தில் தம் தாத்தாவிடம் அதைப் பாடம் கேட்டவரே.

அந்த நூலில் பன்னிரண்டு தொகுதிகள். பதினோராம் தொகுதி ஒரு சொல்லுக்குள்ள பல பொருள்களைச் சொல்வது. அதை வரிசைப்படுத்தியிருக்கும் முறைதான் என்னை அசத்தியது. முதல் எழுத்தை வைத்து வரிசைப்படுத்தவில்லை; எதுகையை வைத்து, அதாவது இரண்டாம் எழுத்தைக் கொண்டு அடுக்கியிருக்கிறார். ககர எதுகை, ஙகர எதுகை என்று போகும். செய்யுள் எழுதுகிறவனுக்கு வேண்டியது அதுதானே! சற்று யோசித்துப் பாருங்கள். குறுக்கெழுத்துக் கட்டத்தில் இரண்டாம் எழுத்து தெரிந்து முதல் எழுத்து தெரியாமல் நாம் எத்தனை தரம் முழித்திருக்கிறோம்? குறுக்கெழுத்து என்ற ஒன்று பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, அதை விடுவிக்க வேண்டிய அகராதி நம்மிடம் தயாராக இருந்தது என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

குறுக்கெழுத்து பிறந்த கதை

இன்று நாம் அறிந்த குறுக்கெழுத்து நியூயார்க்கில் பிறந்தது. 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்டு' என்ற நாளிதழில் ஆர்தர் வின் என்பவர் வைர வடிவக் கட்டம் ஒன்றைப் போட்டார். இவர் இங்கிலாந்தின் லிவர்பூலில் பிறந்தவர். 1924இல் சைமன், ஷுஸ்டர் என்ற இருவர் புதிதாகத் தொடங்கிய பதிப்பகம் குறுக்கெழுத்துகளைத் தொகுத்து நூலாக்கியது. அமெரிக்கா முழுக்க அந்தப் பைத்தியம் பிடித்தது. 1930இல் லண்டன் 'டைம்ஸ்' ஏட்டுக்கும் வந்துவிட்டது. 'நியூயார்க் டைம்ஸ்' மட்டும் இதெல்லாம் நேரத்தைப் பாழாக்கும் பாவம் என்று பல ஆண்டுகள் ஒதுக்கியே வைத்திருந்தது. கடைசியில் 1942 பிப்ரவரியில் அதுவும் இறங்கி வந்தது. பேர்ள் ஹார்பர் தாக்கப்பட்டு இரண்டே மாதம் ஆகியிருந்த நேரம். விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் மக்களுக்கு மனத்தைத் திருப்ப ஏதாவது வேண்டும் என்ற எண்ணமே அதற்குக் காரணம். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் இந்த விளையாட்டைப் பரப்பியதில் ஆனந்த விகடனுக்குப் பெரும் பங்குண்டு. எஸ்.எஸ். வாசன் 1928இல் அந்தப் பெயரை எழுத்துக்கு 25 ரூபாய் வீதம், எட்டு எழுத்துக்கு 200 ரூபாய் கொடுத்து வாங்கினார் என்பார்கள். எண்ணிப் பாருங்கள், சரியாக எட்டு எழுத்துதான் வரும். எழுத்துக்கு விலை வைத்து வாங்கியவர், எழுத்தை வைத்தே பத்திரிகையை விற்கவும் செய்தார். 1930-களில் விகடன் நடத்திய பரிசுக் குறுக்கெழுத்துப் போட்டிகள் அதன் விற்பனைக்குப் பெரிதும் உதவின. மற்றப் பத்திரிகைகளும் பின்தொடர்ந்தன. இது படிப்பா, சூதா என்ற சர்ச்சையும் கூடவே பிறந்தது.

பெங்களூரும் ஒரு வழக்கும்

அந்தச் சர்ச்சை கடைசியில் உச்ச நீதிமன்றம் வரை போனது. போன வழி நம் பெங்களூர் வழி என்பது பலருக்குத் தெரியாது.

ஆர்.எம்.டி.சி. குறுக்கெழுத்து என்று ஒரு பரிசுப் போட்டி 1950-களில் நடந்தது. நடத்தியவர் ஆர்.எம்.டி. சாமர்பாக்வாலா. நிறுவனம் அன்றைய மைசூர் அரசில் பதிவானது. போட்டி வெளிவந்த 'ஸ்போர்ட்டிங் ஸ்டார்' என்ற ஆங்கில வாரத்தாள் அச்சானது பெங்களூரில். ஆனால் அது பம்பாய் மாநிலத்தில் பரவலாக விற்றது. அங்கிருந்து நிறையப் பேர் பணம் கட்டினார்கள். பரிசுப் போட்டிகளைக் கட்டுப்படுத்த பம்பாயில் 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. வெளிமாநிலத்தில் அச்சாகும் பத்திரிகைகளின் போட்டிகளும் வரிக்கு உட்படும்படி 1952இல் அதைத் திருத்தினார்கள். நிறுவனத்தார் வழக்குத் தொடுத்து, பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வென்றார்கள். உச்ச நீதிமன்றம் 1957 ஏப்ரல் 9 அன்று அதை மாற்றியது. தலைமை நீதிபதி எஸ்.ஆர். தாஸ் ரிக் வேதத்தில் வரும் சூதாடியின் புலம்பலையும் மகாபாரதத்தையும் எடுத்துக்காட்டி, சூது என்பது அரசியல் சட்டம் காக்கிற வியாபாரம் ஆகாது என்று தீர்ப்பெழுதினார்.

அதே நாளில் இன்னொரு தீர்ப்பும் வந்தது. பரிசுப் போட்டிகளுக்காக நாடாளுமன்றம் 1955இல் தனிச் சட்டமே செய்திருந்தது. எழுத்துகளையோ சொற்களையோ எண்களையோ அடுக்கிச் சேர்த்து விடுவிக்கும் புதிர்களுக்குப் பரிசு கொடுத்தால், ஒரு மாதத்தில் மொத்தப் பரிசு ஆயிரம் ரூபாயைத் தாண்டக் கூடாது; நடத்துவதற்கு உரிமம் வேண்டும்; இரண்டாயிரம் நுழைவுகளுக்கு மேல் வாங்கக் கூடாது. இந்தச் சட்டத்தை எதிர்த்த வழக்கில் தீர்ப்பெழுதியவர் டி.எல். வெங்கடராம ஐயர். நம் தமிழர். முத்துசாமி தீட்சிதரின் கிருதிகளில் பெரும் புலமை உடையவர், சங்கீத கலாநிதி விருதும் பெற்றவர். சூதாட்டத் தன்மை உள்ள போட்டிகளுக்கே இச்சட்டம் பொருந்தும், உண்மையான திறமையால் வெல்லும் போட்டிகளுக்குப் பொருந்தாது என்று அவர் பிரித்துக் காட்டினார். பால் வேறு, நீர் வேறு என்று பிரித்த தீர்ப்பு அது.

"குறுக்கெழுத்தில் சூது எப்படி வரும்? அறிவுதானே வேணும்?" என்று நீங்கள் கேட்கலாம். வியாபாரி என்ற முறையில் நான் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். "குடும்பம் நடத்த இது வேண்டும்" என்று ஒரு குறிப்பு. கட்டத்தில் முதல் எழுத்து காலி, அடுத்து ணம். பணமா? குணமா? இரண்டும் பொருந்தும். எது சரி என்பது நடத்துகிறவர் உறையில் மூடி வைத்திருக்கும் விடையைப் பொறுத்தது. இப்படிப் பத்து இடங்களில் இரண்டிரண்டு விடைகள் பொருந்தினால், எல்லா வகையிலும் நிரப்ப 1,024 படிவங்கள் வேண்டும். படிவத்துக்கு நாலணா என்று வைத்தால் 256 ரூபாய். நிகண்டு முழுக்க மனப்பாடம் செய்தவனும் இங்கே ஒன்றும் செய்ய முடியாது. அதிகப் படிவம் போட்டவனுக்கு அதிக வாய்ப்பு. புதிரின் உயிர் போய்விட்டது, கட்டம் மட்டும் மிச்சம்.

எங்கள் வீட்டு இரும்புப் பெட்டி

இனி, நான் பதறிய காரணத்துக்கு வருகிறேன்.

எங்க அப்பா 1994இல் காலமானார். கடைக் கணக்கு வைக்கும் இரும்புப் பெட்டியின் அடியில் துணியில் சுற்றிய ஒரு கட்டு கிடைத்தது. பிரித்தால் மணியார்டர் ரசீதுகள், பத்திரிகையிலிருந்து கத்தரித்த கட்டங்கள். எல்லாம் 1953 முதல் 1956 வரையிலானவை. நான் பிறந்தது 1958இல். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மாவிடம் கேட்டேன். "அத ஏன்பா இப்ப எடுக்கற?" என்று கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுப் பிறகு சொன்னார்கள். எந்தப் பத்திரிகை என்பது இங்கே வேண்டாம். நிகண்டு தெரிந்த கர்வத்தில் அப்பா போட்டியில் இறங்கியிருக்கிறார். ஒரே ஒரு தரம் ஆறுதல் பரிசாக ஏழு ரூபாய் வந்ததாம். அந்த ஏழு ரூபாயைத் தேடிக்கொண்டு போனதில் அம்மாவின் இரண்டு வளையல்கள் அடகுக் கடைக்குப் போய்த் திரும்பவே இல்லை.

எங்கள் சமயத்தில் ஏழு வியசனங்களுள் முதலாவது சூது. திருவள்ளுவரும் அதற்கென்று ஓர் அதிகாரம் வைத்தார். அப்பாவுக்கு இதெல்லாம் மனப்பாடம். ஆனாலும் அவர் தாம் ஆடுவது சூது என்று நினைக்கவில்லை, தமிழ் என்று நினைத்தார். அதுதான் வேதனை. நான் அறிந்த அப்பா பத்திரிகையில் குறுக்கெழுத்துப் பக்கம் வந்தால் சத்தமில்லாமல் அதைப் புரட்டிவிடுவார். தாமரைப் புதிரை மட்டும் அவரால் விட முடியவில்லை.

ஐந்து கட்டம், ஆறு வாய்ப்பு

இப்போது வேர்டிலுக்கு வருவோம். இதைச் செய்தவர் ஜோஷ் வார்டில், வேல்ஸ் நாட்டில் பிறந்து நியூயார்க்கின் புரூக்ளினில் வாழ்ந்த கணினிப் பொறியாளர். கொரோனாக் காலத்தில் அவரும் அவருடைய துணையான பாலக் ஷாவும் பத்திரிகைச் சொற்புதிர்களில் ஈடுபட்டார்கள். அவருக்குப் பரிசாக இவர் செய்த விளையாட்டு இது. ஆங்கிலத்தில் ஐந்தெழுத்துச் சொற்கள் ஏறக்குறைய 12,000. சாமானியருக்குத் தெரிந்த சொற்களாக அவற்றிலிருந்து சுமார் 2,500ஐப் பொறுக்கியெடுத்தவர் பாலக் ஷாவே. தம் பெயரின் ஒலியைச் சொல் என்னும் ஆங்கில வார்த்தையோடு சேர்த்து வேர்டில் என்று பெயர் வைத்தார் வார்டில்.

ஆடும் முறை எளிது. ஐந்து கட்டத்தில் ஒரு சொல்லை எழுத வேண்டும். எழுத்தும் இடமும் சரி என்றால் பச்சை. எழுத்து உண்டு, இடம் தவறு என்றால் மஞ்சள். இல்லவே இல்லை என்றால் கறுப்பு அல்லது சாம்பல். ஆறு வாய்ப்புக்குள் கண்டுபிடிக்க வேண்டும். 4/6 என்றால் நான்காம் வாய்ப்பில் கண்டுபிடித்தாள் என்று பொருள். நான் பந்தயம் என்று நினைத்தது இதைத்தான்!

2021 அக்டோபரில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். நவம்பர் 1 அன்று ஆடியவர்கள் 90 பேர். 2022 சனவரி 2 அன்று மூன்று லட்சம் பேர். அடுத்த ஒரு வாரத்தில் இருபது லட்சம். அந்த மாதம் 31ஆம் தேதி நியூயார்க் டைம்ஸ் பல லட்சம் டாலர் கொடுத்து அதை வாங்கிவிட்டது. ஒரு காலத்தில் குறுக்கெழுத்தைப் பாவம் என்று ஒதுக்கிய அதே பத்திரிகை!

மக்கள் ஏன் விரும்பினர்?

ஆட்டம் ஒன்றும் புதிதன்று. ஒளித்து வைத்த ஐந்தெழுத்துச் சொல்லைக் கண்டுபிடிக்கும் ஜாட்டோ என்ற காகித விளையாட்டு 1955இலேயே உண்டு. லிங்கோ என்ற தொலைக்காட்சி விளையாட்டு 1987இல் வந்தது. அவற்றுக்கு இல்லாத வரவேற்பு இதற்கு ஏன்? என் அறிவுக்கு எட்டிய காரணங்கள் இவை.

முதலாவது, அளவு. ஒரு நாளைக்கு ஒரே ஒரு சொல். அப்போது இன்னொன்று வேண்டுமென்றாலும் மறுநாள் வரை பொறுக்க வேண்டியிருந்தது. மற்ற இணைய விளையாட்டுகள் ஆளைப் பிடித்து உட்கார வைக்கின்றன. இது ஐந்து நிமிடத்தில் "போய் வேலையப் பாரு" என்று அனுப்பிவிடுகிறது. பிரசாதத்துக்குச் சுவை வருவது கொஞ்சமாகக் கொடுப்பதால்தானே!

இரண்டாவது, எல்லாருக்கும் ஒரே சொல். புனேயில் இருப்பவளுக்கும் லண்டனில் இருப்பவருக்கும் அன்றைக்கு அதே சொல். ஆகவே பேசிக்கொள்ள ஒரு விஷயம் கிடைக்கிறது. அந்தக் காலத்தில் ஊரே ஒரு தொடர்கதையைப் படித்துவிட்டு வெள்ளிக்கிழமை பேசியது போல.

மூன்றாவது, விடையை உடைக்காமல் வெற்றியைக் காட்டும் வழி. நியூசிலாந்தில் ஆடியவர்கள் சிலர் வண்ணச் சதுரங்களாகத் தங்கள் ஆட்டத்தை எழுதிக் காட்டினார்கள். அதைப் பார்த்த வார்டில் 2021 டிசம்பரில் அந்த வசதியை விளையாட்டிலேயே சேர்த்தார். அதற்குப் பிறகே கூட்டம் பெருகியது. எண்ணிக்கையின் தேதிகளைப் பாருங்கள், விளங்கும்.

நான்காவது, காலம். கொரோனாவில் எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தார்கள். 1942இல் குறுக்கெழுத்தைக் கொண்டுவந்ததும் அப்படி ஒரு காலம்தான். கையில் இல்லாத பெரிய விஷயங்கள் பயமுறுத்தும்போது, ஐந்து கட்டத்தையாவது நிரப்பி முடித்தோம் என்பது மனத்துக்கு ஒரு பிடிமானம்.

ஐந்தாவதே முக்கியமானது. பணம் இல்லை. நுழைவுக் கட்டணம் இல்லை, பரிசு இல்லை. வார்டில் கையில் இருந்தவரை விளம்பரமும் கிடையாது. பணம் விலகியதும் புதிர் யோக்கியமாகிவிட்டது. ஒரே விடைதான்; ஒவ்வொரு வாய்ப்பிலும் உண்மையைச் சொல்லிவிடுகிறது; உறைக்குள் மூடி வைத்த சூழ்ச்சி இல்லை. 1950-களில் பரிசு ஏற ஏறப் புதிர் கெட்டது. 2021இல் பரிசு போனதும் புதிர் பிழைத்தது. மக்கள் அன்றும் இன்றும் தேடியது "கண்டுபிடிச்சுட்டேன்" என்று இன்னொருவரிடம் சொல்லும் சந்தோஷத்தையே என்று எனக்குத் தோன்றுகிறது. அப்பாவுக்கு அதைச் சொல்ல ஆள் இருந்திருந்தால், மணியார்டர் அனுப்பியிருக்க மாட்டாரோ என்னவோ.

ஆனாலும் வியாபாரி கண் சும்மா இராது. பத்திரிகை அத்தனை பணம் கொடுத்து வாங்கியது தர்மத்துக்கு அன்று. தினம் வந்து போகும் கூட்டம் இருந்தால் சந்தா சேர்க்கலாம் என்ற கணக்குதான். விகடன் போட்ட அதே கணக்கு. ஆடுகிறவன் பாக்கெட்டில் நேராகக் கை வைக்காத வரை அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளின் கதை இன்னும் தொடர்ந்தது. கர்நாடகத் தடையை 2022 பிப்ரவரி 14 அன்று உயர் நீதிமன்றம் நீக்கியது. திறமை வேறு, சூது வேறு என்ற 1957ஆம் ஆண்டுப் பாகுபாடே அந்த வாதத்துக்கு அடிப்படை. பிறகு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்கும் சட்டத்தை இயற்றியது. காசில்லாத சொற்புதிருக்கு இதனால் ஒரு தொல்லையும் இல்லை.

247 எழுத்தும் மூன்று கட்டமும்

தமிழிலும் வேர்டில் போன்ற ஆட்டங்கள் வந்திருக்கின்றன. ஆனால் நம் எழுத்து கணினிக்குச் சிக்கல் கொடுக்கும். ஆங்கிலத்தில் எழுத்து 26. நமக்கு உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. 'கோ' என்பது நமக்கு ஓர் எழுத்து. கணினியோ ககரத்தையும் ஓகாரக் குறியையும் இரண்டாகச் சேமித்து வைக்கிறது. இதைக் கவனிக்காமல் செய்தால் கட்டக் கணக்கே தப்பும்.

"247 எழுத்துல எத எழுதிப் பாக்குறது?" என்று மலைக்க வேண்டாம். இங்கே பவணந்தி முனிவர் கை கொடுக்கிறார். நன்னூல்படி சொல்லுக்கு முதலில் வரக்கூடிய எழுத்துகள் 103 மட்டுமே. உயிர் பன்னிரண்டு, க, ச, த, ந, ப, ம வரிசைகள் முழுதும் சேர்ந்து 72, வகரம் 8, யகரம் 6, ஞகரம் 4, ஙகரம் 1. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன வரிசைகள் முதலில் வாரா. சொல் புள்ளியெழுத்தில் முடிந்தால், பதினெட்டு மெய்யில் பதினொன்றே இறுதியில் வரும். வல்லின மெய் ஆறும் வாரா, ங் வாராது. ஓரெழுத்தே சொல்லாக நிற்பவை 42 என்றும் நன்னூல் கணக்குச் சொல்கிறது. பள்ளியில் நாம் கசப்பு மருந்தாக விழுங்கிய இலக்கணம், இங்கே துப்புக் கொடுக்கும் கருவியாகிவிடுகிறது. நம் பேட்டையின் பெயரில் இருக்கும் 'டவுன்' மட்டும் இந்த விதிக்கு அடங்காது. வெளியூரிலிருந்து வந்து குடியேறிய சொல், நம்மைப் போல!

முடிவுரை

உண்மை தெரிந்த அன்று இரவே பேத்திக்குப் போன் செய்தேன். "தாத்தா தப்பா நெனச்சுட்டேன் கண்ணு, மனசுல வெச்சுக்காதே" என்றேன். கொள்ளுத் தாத்தாவின் பெட்டியைப் பற்றியும் சொன்னேன். அவள் அம்மாகூட அதுவரை அதைக் கேட்டதில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப தமிழ்ல ஒண்ணு குடுங்க தாத்தா" என்றாள். தாமரைப் புதிரைக் கொடுத்தேன். விடையை ஆங்கில எழுத்தில் அனுப்பினாள். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. நம்மில் எத்தனை வீடுகளில் இதே நிலை என்பது இந்த மலரைப் படிக்கும் உங்களுக்குத் தெரியும். "தமிழ் எழுத்துல எழுதினாதான் சரி" என்றேன். அவள் அம்மாவை உட்கார வைத்துக்கொண்டு மூன்று எழுத்தும் கற்று அனுப்பினாள்.

அன்று முதல் தினம் ஒரு சொல். ஒன்றுக்கு மேல் கொடுப்பதில்லை. அகர வரிசை அட்டையை வாங்கிக் கொடுத்து மூன்று ஆண்டு கெஞ்சியும் நடக்காதது, இந்த வழியில் ஓராண்டில் நடந்தது. ழகரமும் ளகரமும் இன்னும் தடுமாறுகின்றன, அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

ஆகவே நம் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். அறிவிப்புப் பலகையில் ஒரு மூலையை ஒதுக்குங்கள். தினம் ஒரு சொல். மூன்று அல்லது நான்கு எழுத்து. ஒரே விடை உள்ளதாக இருக்கட்டும். கண்டுபிடித்த பிள்ளையின் பெயரை மறுநாள் எழுதுங்கள். தயவுசெய்து பரிசு மட்டும் வைக்க வேண்டாம்.

பேத்தி இப்போது கல்லூரியில் முதலாண்டு படிக்கிறாள். போன மாதம் அவளே ஒன்று கட்டி அனுப்பினாள். வாடிக்கையாளரைக் குக்கர் விலை சொல்லாமல் நிறுத்தி வைத்துவிட்டு யோசித்தேன். "முழுசா இருந்தா ஊர். தலை போனா வெள்ளைக்கார அதிகாரி. நடு போனா தாத்தா சொன்ன அதே மான்." மூன்று எழுத்து. விடையை நான் இங்கே எழுதப் போவதில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கேளுங்கள்.